புழுவுக்குக் காலண்டர் கிடையாது

பதிவு எழுதி மூணு மாசமாச்சு. தீசிஸ், டி.ஏ. வேலை, இந்த ஊர்க் குளிருன்னு வழக்கமான சாக்கு எல்லாம் கைவசம் இருக்கு. ஆனா உண்மையான காரணம் வேற. எங்கப்பாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தேடப் போய் லைப்ரரியிலயே குடியிருக்க வேண்டியதாப் போச்சு. தேடினதை இங்கயும் போட்டு வைக்கிறேன். நீளமான பதிவு, அதுவும் புழு பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க :-)

ஜனவரியில ஒரு ராத்திரி. நான் இருக்கிறது மிச்சிகன். வெளிய மைனஸ் 18 டிகிரி. சமையலறை சிங்குக்குக் கீழ என்கிட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. மூடியில ஓட்டை, உள்ள கிழிச்சுப் போட்ட நியூஸ்பேப்பர், காப்பிச் சக்கை, வாழைப்பழத் தோல், கூடவே ஒரு நானூறு ஐநூறு மண்புழு. (புழு இருக்குன்னு ரூம்மேட்டுக்குத் தெரியும். எத்தனைன்னு தெரியாது. தெரிஞ்சா வாடகையில பாதி போயிடும்.) தூக்கம் வராம டார்ச் அடிச்சு ஒரு கைப்பிடி எடுத்துக் கிளறிப் பார்த்தேன். முட்டைக்கூடுகள்! குட்டி எலுமிச்சம்பழம் மாதிரி, கொத்தமல்லி விதை அளவுகூட இல்லாம, புதுசு வைக்கோல் நிறத்துல, பொரிக்கப் போறது செம்பழுப்புல. அந்த ஒரு கைப்பிடியிலயே 17 எண்ணினேன்.

வெளிய ஏரி உறைஞ்சு கிடக்கு. மரத்துல ஒரு இலை இல்ல. மண்ணு கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கு. இதுங்க என்னடான்னா சிங்குக்கடியில ஜாலியா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கு. வெளிய மார்கழி, உள்ள புரட்டாசி!

அந்த சந்தோஷத்துல ஊருக்குப் போன் போட்டேன். அப்பா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்.

"அங்க பனியிலகூட குஞ்சு பொரிக்குதா? இங்க நம்ம தொட்டியில ஒண்ணுகூட மிஞ்சலையேம்மா."

அந்தக் கதையைச் சொல்லாம வரலாறுக்குப் போக முடியாது. எங்க ஊர் முசிறிக்குப் பக்கம். ரிட்டயர் ஆனப்புறம் அப்பா கொல்லையில கீத்துக் கொட்டகை போட்டு ரெண்டு சிமெண்ட் தொட்டி கட்டினார். காசு, அம்மா இருக்கிற மகளிர் குழுவுல வாங்கின கடன். போன வருஷம் மாசியில புழுவைக் கிலோ கணக்குல வாங்கினாங்க. ஆப்பிரிக்கப் புழு, நல்லா பெருசா, ஊதா நிறத்துல. வித்தவர் (பேர் வேண்டாம்) ஒரு பேப்பர்ல கணக்கும் போட்டுக் கொடுத்தார். மூணு மாசத்துல ரெண்டு மடங்கு, ஆறு மாசத்துல நாலு, ஒன்பதுல எட்டு, வருஷக் கடைசியில பதினாறு. அந்தப் பேப்பர் இப்பவும் சாமி அலமாரியில இருக்கு. பங்குனியில புழு இளைக்க ஆரம்பிச்சது. "கழுத்துல இருக்கிற மோதிரம் மங்கிப் போச்சும்மா"ன்னு அப்பா போன்ல சொன்னார். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச வாரம் தொட்டியே நாறிடுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க தண்ணி ஒழுங்கா ஊத்தியிருக்க மாட்டீங்கப்பா." அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்கிற திமிரு. அவர் மதியம் ரெண்டு மணி வெயில்ல குடம் குடமா சுமந்து ஊத்தினார்னு அம்மா அப்புறம்தான் சொன்னாங்க. அதோட விடலை நான். "உள்ள இருக்கிறதை எல்லாம் வாரி வெயில்ல காய வைங்க, தொட்டியைக் கழுவிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்"னு யோசனை வேற சொன்னேன். இந்த யோசனையை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவேன்.

இப்ப ஜனவரிப் போன்ல அப்பா கேட்டது: "மாசியில திரும்ப வாங்கலாம்னு இருக்கேன். அதே ஆள் விலை குறைச்சுத் தர்றாராம். வாங்கவா?"

குழுக் கடன்ல இன்னும் நாலு தவணை பாக்கி. "கொஞ்சம் பொறுங்கப்பா, பாத்துச் சொல்றேன்"னு வச்சுட்டேன்.

*

கேள்வி சின்னதுதான். மண்புழு எந்தக் காலத்துல இனப்பெருக்கம் பண்ணும்? இதுக்கு மனுஷங்க ஒரு 250 வருஷமா பதில் எழுதிக்கிட்டிருக்காங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊர்ல, அவங்கவங்க குளிர்ல உக்காந்து எழுதின பதில். அதுதான் இந்தக் கதையில இருக்கிற சிக்கலே.

முதல் ஆள் கில்பர்ட் வைட். இங்கிலாந்துல செல்போர்ன்னு ஒரு கிராமத்துப் பாதிரியார். தன்னோட கிராமத்துல பறக்கிறது ஊர்றது எல்லாத்தையும் கவனிச்சு நண்பர்களுக்குக் கடுதாசி எழுதறதே அவருக்குப் பொழுதுபோக்கு (நம்ம ஜாதி!). கடுதாசி எல்லாம் சேர்ந்து 1789ல புஸ்தகமாச்சு. அதுல 1777ல எழுதின ஒரு கடிதம் முழுக்க மண்புழு பத்தி. புழு இல்லேன்னா மண்ணு இறுகிப் போகும், விவசாயம் படுத்துடும்னு அப்பவே சொல்லிட்டார். நமக்கு வேண்டியது அதுல இருக்கிற ரெண்டு விஷயம். ஒண்ணு, புழுக்கள் வசந்த காலத்துலதான் அதிகமா வேலை செய்யும். ரெண்டு, அதுக்காகக் குளிர்காலத்துல செத்த மாதிரி தூங்குறதில்ல, கொஞ்சம் இதமான ராத்திரியா இருந்தா டிசம்பர்லயும் வெளிய வரும். மெழுகுவத்தியை எடுத்துக்கிட்டுப் புல்வெளிக்குப் போய்ப் பார்த்தா யாருக்கும் தெரியும்கிறார்.

ரெண்டாவது விஷயத்தை இன்னொரு தரம் படிங்க. மாசம் முக்கியமில்ல, அந்த ராத்திரியோட இதம்தான் முக்கியம்! விடை அங்கயே இருக்கு. ஆனா அதை யாரும் பிடிச்சுக்கலை.

அடுத்தது டார்வின். மாமா வீட்டு வயல்ல போட்ட சுண்ணாம்பு எப்படி மண்ணுக்குள்ள போச்சுன்னு ஆரம்பிச்சு, 1837ல புவியியல் கழகத்துல மண்புழு பத்தி ஒரு கட்டுரை படிச்சார். அதே விஷயத்தைப் புஸ்தகமா போட்டது 1881ல. இடையில 44 வருஷம்! (என் தீசிஸ் லேட்டாகுதுன்னு இனிமே யாரும் கேட்கக் கூடாது.) புஸ்தகம் வந்த அடுத்த ஏப்ரல்லயே இறந்துட்டார். படிப்பறையில தொட்டியில புழு வளர்த்து, மகனை விட்டு பஸ்ஸூன் வாசிக்கச் சொல்லி, அதுங்களுக்குக் காது கேக்குதான்னு பார்த்த மனுஷன். குளிர்லயும் வறட்சியிலயும் புழுக்கள் ஆழத்துக்குப் போய், சின்ன அறை மாதிரி பண்ணி, சில சமயம் பல புழு சேர்ந்து பந்து மாதிரி சுருண்டு கிடக்கும்னு எழுதறார்.

நமக்கு நெருக்கமான இடமும் அந்தப் புஸ்தகத்துல உண்டு. கல்கத்தா தாவரவியல் பூங்காவுல இருந்தவங்க அவருக்கு விவரம் அனுப்பியிருக்காங்க. அங்க மழைக்கு அப்புறம் வர்ற குளிர்ந்த மாசங்கள்லதான் புழு மேல வந்து எச்சம் போடும், கோடையில ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுக்கும். நீலகிரியிலிருந்து போன பெரிய பெரிய புழு எச்சங்களையும் எடை போட்டுப் பார்த்திருக்கார் டார்வின். அதாவது இங்கிலாந்துல குளிர் செய்யற வேலையை வங்காளத்துல வெயில் செய்யுது. இதை ரெண்டாவது க்ளூன்னு வச்சுக்கங்க.

ஆனா இனப்பெருக்கம் பத்தி டார்வின் அதிகம் பேசலை. ஆண் பெண் ரெண்டும் ஒரே உடம்புல இருந்தாலும் ஜோடி சேரணும்னு சொல்றார். அந்த நேரத்துல மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து வர்ற பயம்கூட அதுங்களுக்கு விட்டுப்போயிடும்னு ஒரு வரி. அவ்வளவுதான், மனுஷன் கண்ணியமா நகர்ந்துடறார்.

சைடு கேப்புல ஒண்ணு. டார்வின் புஸ்தகத்துக்குப் பத்து வருஷம் கழிச்சு, 1891ல, சுந்தரம் பிள்ளையோட மனோன்மணீயம் வருது. அதுல நடராசன்கிற பாத்திரம் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து, அதோட உழைப்பை உருகி உருகிப் பேசுற இடம் ஒண்ணு உண்டு. பள்ளிக்கூடத்துல படிச்சவங்க கை தூக்குங்க! நாங்கூழ்னா மண்புழுன்னு எனக்குத் தமிழம்மா சொல்லிக் கொடுத்தது இப்பதான் உபயோகப்படுது.

*

இங்க ஒரு பிரிவினையைச் சொல்லிடணும், இல்லேன்னா மேல போனா குழம்பும். வைட்டும் டார்வினும் பார்த்தது வயல் புழு. வளை தோண்டும், நிலைமை சரியில்லேன்னா ஆழத்துக்குப் போயிடும். நாம தொட்டியில விடறது அந்த ரகம் இல்ல. சாணிக்குவியல், இலைக்குப்பைன்னு மேல்மட்டத்துலயே வாழற ரகம். அதுக்கு ஆழமாத் தோண்டத் தெரியாது. மார்செல் பூஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1970கள்ல இந்த ரகங்களைப் பிரிச்சுப் பேர் வச்சார்.

தோண்டத் தெரியாத புழு கெட்ட காலத்துல என்ன பண்ணும்? எங்க போய் ஒளியும்? பெரும்பாலும் எங்கயும் இல்ல. செத்துப் போயிடும். போறதுக்கு முன்னாடி நிறைய கூடு போட்டு வச்சிருக்கும். கூடு காத்திருக்கும், ஈரமும் இதமும் வந்ததும் பொரிக்கும். டென்மார்க்ல 1990கள்ல மார்ட்டின் ஹோம்ஸ்ட்ரப்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் இப்படி ஒரு மேல்மட்டப் புழுவோட கூட்டை ஆராய்ஞ்சாங்க. உறையற குளிர் வந்தா கூடு உள்ள இருக்கிற தண்ணியை விட்டுட்டு வத்திப்போய், அதனாலயே ஐஸ் பிடிக்காம தப்பிச்சுக்குது. நாம வத்தல் போட்டு வைக்கிற டெக்னிக்தான்!

வயல் புழுவுக்குப் பருவம்னா எப்ப மறைஞ்சுக்கிறது, எப்ப வெளிய வர்றதுங்கிற கேள்வி. தொட்டிப் புழுவுக்கு அது எப்ப கூடு போடறதுங்கிற கேள்வி. ரெண்டையும் ஒரே பேர்ல மண்புழு மண்புழுன்னு சொல்லிக் குழப்பிக்கிட்டோம்.

*

முதன்முதலா உக்காந்து கூட்டை எண்ணினவங்கள்ல முக்கியமானவங்க எவன்ஸ், கில்ட்ன்னு ரெண்டு பேர். இங்கிலாந்துல ராத்தம்ஸ்டட், 1843லிருந்து நடக்கிற பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்க பல வகைப் புழுக்களை வளர்த்து, வருஷம் பூரா எத்தனை கூடு போடுதுன்னு எண்ணி 1948ல வெளியிட்டாங்க. கோடைத் தொடக்கத்துல உச்சம், மே ஜூன் வாக்குல. குளிர்காலத்துல ரொம்பக் கம்மி. பின்னாடி வந்த பாடப் புஸ்தகங்கள் எல்லாம் இதை எடுத்துக்கிட்டது.

அந்த அட்டவணையில ஒரு வேடிக்கை. இலைக்குப்பையில வாழற ஒரு சிவப்புப் புழு வருஷத்துக்கு நூத்துக்கு மேல கூடு போட்டிருக்கு. ஆனா நம்ம கம்போஸ்ட் புழு ஐசீனியா ஃபெட்டிடா, இன்னைக்கு உலகம் பூரா தொட்டியில வளர்க்கிறதே இதைத்தான், அது போட்டது வருஷத்துக்கு ஒரு டஜன்கூட இல்ல! முதல்ல படிச்சப்ப அச்சுப்பிழைன்னு நினைச்சேன். என் தொட்டியில ஒரு கைப்பிடியிலயே 17 இருந்துச்சே?

விடை முப்பது வருஷம் கழிச்சு வருது. நியூயார்க் மாநிலத்துல சிரக்யூஸ். பனிக்குப் பேர் போன ஊர். அங்க ஹார்ட்டன்ஸ்டைன், நியூஹவுசர், கப்லன்னு மூணு பேர் சாக்கடைக் கசடைப் புழுவுக்குப் போட்டு ஒழிக்க முடியுமான்னு பார்த்தாங்க. ஆய்வுக்கூடத்துக்குள்ள ஒரே சூடு, ஒரே ஈரம், வேணுங்கிற தீனி. 1979, 1980 வாக்குல வந்த முடிவுகள்படி, 20லிருந்து 29 டிகிரி வரைக்கும், ஈரம் 70லிருந்து 85 சதவீதம் வரைக்கும் இருந்தா இந்தப் புழு நல்லா வளருது. அந்த நிலையில ஒரு புழு வாரத்துக்கே சில கூடு போடும். ஒவ்வொரு கூட்டுலயும் சராசரியா ரெண்டு மூணு குஞ்சு.

அதே புழு! ஒரு ஊர்ல வருஷத்துக்குப் போட்டதை இன்னொரு இடத்துல ஒரு மாசத்துல போடுது. மாறினது சூடும் ஈரமும் தீனியும்தான். (பூஷே 1972ல இன்னொரு குட்டையையும் குழப்பினார். ஐசீனியா ஃபெட்டிடான்னு சொல்லிக்கிட்டிருந்ததுல ரெண்டு வகை கலந்திருக்குன்னு பிரிச்சுட்டார். அதனால பழைய கணக்கைப் படிக்கிறப்ப இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை.)

அந்த 1972லயே என் பக்கத்து ஊர்ல இன்னொரு கதை. மிச்சிகன்ல கலமசூன்னு ஒரு ஊர். பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்கு. மேரி ஆப்பெல்ஹாஃப்னு ஒரு பயாலஜி டீச்சர். குளிர்காலத்துலயும் கம்போஸ்ட் போடணும்னு அவங்களுக்கு ஆசை, தோட்டமோ உறைஞ்சு கிடக்கு. மீன்பிடிக்கத் தூண்டில் புழு விக்கிறவங்ககிட்ட சிவப்புப் புழு வாங்கி வீட்டுக்குள்ள பெட்டியில விட்டாங்க. பத்து வருஷ அனுபவத்தை 1982ல புஸ்தகமா போட்டாங்க. "புழுக்கள் என் குப்பையைத் தின்னுது"ங்கிற மாதிரி ஒரு தலைப்பு. என் சிங்குக்கடித் தொட்டி அவங்களோட பேத்தி முறை. 2005ல காலமானாங்க.

வரலாற்றுல இது பெரிய திருப்பம்னு எனக்குத் தோணுது. அதுவரைக்கும் புழு பருவத்துக்குள்ள இருந்துச்சு. இவங்க எல்லாம் அதைப் பருவத்தை விட்டே வெளிய எடுத்துட்டாங்க. ஆய்வுக்கூடத்துலயும் நிலவறையிலயும் வருஷம் பூரா ஒரே மாசம்தான்.

அங்கதான் வில்லங்கமும் ஆரம்பிச்சது. 1970கள்ல அமெரிக்காவுல புழு வளர்ப்பு மோகம் ஒண்ணு கிளம்புச்சு. புழு வாங்கு, வீட்டுல பெருக்கு, நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்னு விளம்பரம். இத்தனை மாசத்துல இரட்டிப்பு, அப்புறம் அதுவும் இரட்டிப்புன்னு ஒரு அட்டவணை. நிறைய குடும்பங்கள் சேமிப்பை இழந்தாங்க. அதைப் படிக்கிறப்ப எனக்கு எங்க வீட்டுச் சாமி அலமாரிப் பேப்பர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஐம்பது வருஷம் முன்னாடி அமெரிக்காவுல போட்ட அதே கணக்கு, முசிறி வரைக்கும் நடந்தே வந்திருக்கு.

ராத்தம்ஸ்டட் கணக்கு ரொம்பக் கம்மி. விக்கிறவங்க கணக்கு ரொம்ப ஜாஸ்தி. ஆனா ரெண்டுலயும் விட்டுப் போறது ஒரே விஷயம். எத்தனை டிகிரியில, எவ்வளவு ஈரத்துலன்னு சேர்த்துச் சொல்லாத கூட்டுக் கணக்கு, கணக்கே இல்ல.

*

இதை முதல்ல ஒழுங்கா அடுக்கி வச்சவர் கிளைவ் எட்வர்ட்ஸ். அவரும் ராத்தம்ஸ்டட் ஆள்தான், அப்புறம் ஒஹையோவுக்கு வந்துட்டார். 1980கள்ல கம்போஸ்ட் புழுக்களை வரிசையா வச்சு எது எத்தனை டிகிரி தாங்கும்னு பார்த்தார். ஐசீனியா 0லிருந்து 35 வரைக்கும். ஆசியப் பக்கத்துப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் 9லிருந்து 30 வரைக்கும். ஆப்பிரிக்கப் புழு யூட்ரிலஸ் யூஜினியே 16லிருந்து 30 வரைக்கும்.

மூணுக்குமே ரொம்பப் பிடிச்சது 25 டிகிரி பக்கம்தான். வித்தியாசம் நடுவுல இல்ல, ஓரத்துல! நல்ல நாள்ல எல்லாப் புழுவும் நல்ல புழுதான். கெட்ட மாசத்துல எது நிக்கும்ங்கிறதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவுல ரெய்னெக்கும் சகாக்களும் 1992ல இதே மூணு புழுவையும் எடுத்து, சொந்த நாட்டு வெப்பநிலைக்கு எது ஒத்து வரும்னு பார்த்தாங்க. ஐசீனியாதான் அகலமாத் தாங்குச்சு. மத்த ரெண்டுக்கும் எல்லை குறுகல். பக்கத்து மேற்கு ஆப்பிரிக்காவுல பிறந்த யூட்ரிலஸுக்கே தெற்கு ஆப்பிரிக்கா சுலபமில்ல. ஒரே கண்டம்ங்கிறது நமக்குத்தான், புழுவுக்கு இல்ல.

இந்தியாவுல இந்த வேலையை முன்னெடுத்தவங்கள்ல ராதா காலே முக்கியமானவங்க. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்துல 1980கள்லயே பெரியோனிக்ஸ், அப்புறம் யூட்ரிலஸ் ரெண்டையும் வச்சுக் குப்பையை உரமாக்கிக் காட்டினாங்க. சென்னையில நியூ காலேஜ்ல இருந்த சுல்தான் இஸ்மாயில் வேற பக்கத்துலேர்ந்து வந்தார். வெளிநாட்டுப் புழுவை ஏன் வாங்கணும், நம்ம மண்ணுலயே இருக்கிற லாம்பிட்டோ மௌரிட்டியையும் பெரியோனிக்ஸையும் பிடிச்சு வளர்க்கலாமேன்னு விவசாயிகள்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார். இப்ப யோசிச்சா, பெங்களூருல வெற்றியான ஆப்பிரிக்கப் புழு நம்ம மாவட்டத்துச் சித்திரையில ஏன் தோத்துச்சுன்னு புரிய ரெண்டு ஊர் தெர்மாமீட்டர் போதும்.

நான் அதிகமா ரசிச்சது திரிபுரா ஆய்வு. பட்டாச்சார்ஜி, சௌத்ரி ரெண்டு பேரும் 2002ல வெளியிட்டது. ஏழு வகை வெப்பமண்டலப் புழு. பெரும்பாலான வகைகள் கோடையிலயும் மழைக்காலத்துலயும் கூட்டை அள்ளி வீசியிருக்கு, ஏப்ரல்லயும் ஜூலையிலயும் உச்சம். குளிர்காலத்துல குறைஞ்சிருக்கு, இல்ல நின்னே போயிருக்கு. பெரியோனிக்ஸ் மாதிரி சிலது வருஷம் பூரா பெருக்குற ரகம். நம்ம லாம்பிட்டோ பாதி விட்டு விட்டு. ஒரு வகை குறிப்பிட்ட காலத்துல மட்டும்.

ஏப்ரல்ல உச்சமா! எங்க வீட்டுல ஏப்ரல்லதானே எல்லாம் செத்துச்சுன்னு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன். அப்புறம் உறைச்சது. திரிபுராவுல ஏப்ரல்னா இடி மின்னலோட கோடை மழை கொட்டுற மாசம். முசிறியில ஏப்ரல்னா காவிரியில மணல் மட்டும் தெரியற மாசம். காலண்டர்ல ஒரே பேரு. புழுவுக்கு அது ரெண்டு வேற உலகம்.

வைட் மெழுகுவத்தி வெளிச்சத்துல பார்த்ததும் இதைத்தான். புழு மாசத்தை எண்றதில்ல. தோலைத் தொடுற சூட்டையும் ஈரத்தையும்தான் எண்ணுது. பருவம்னு நாம சொல்றது, ஒரு ஊர்ல அது ரெண்டும் சேர்ந்து வர்ற தேதி. அந்தத் தேதியை இங்கிலாந்துலேர்ந்தோ திரிபுராவுலேர்ந்தோ இறக்குமதி பண்ண முடியாது.

*

சரி, அப்பாவுக்குச் சொன்ன பதில்.

மாசியில வாங்காதீங்கப்பான்னு சொன்னேன். மாசியில விட்ட புழு பழகறதுக்குள்ள பங்குனி வந்துடும். ஐப்பசி மழை விழுந்து மண்ணு குளிர்ந்தப்புறம் ஆரம்பிச்சா, தை கடைசி வரைக்கும் அதுங்களுக்கு நல்ல காலம். பெருகறதெல்லாம் அப்பதான். பங்குனிக்குள்ள உரத்தை எடுத்துட்டு, கோடையில பெருக்கணும்னு நினைக்காம உசிரோட வச்சிருந்தா போதும். கொஞ்சப் புழுவை மட்டும் புங்க மரத்தடியில குழி வெட்டி, மேல ஈரச் சாக்கு போட்டு வைக்கலாம். மதியம் குடம் குடமா ஊத்த வேண்டாம், தண்ணி கட்டி மூச்சு முட்டிடும். காலையும் சாயங்காலமும் தெளிச்சா போதும். ஆப்பிரிக்கா வேண்டாம், நம்ம சாணிக்குழியில இருக்கிறதே போதும்.

அப்புறம் மன்னிப்பும் கேட்டேன். முதல்ல தண்ணி விஷயத்துக்கு. அடுத்தது அந்த யோசனைக்கு. புழு செத்தாலும் ஈரம் இருந்த அடி மூலையில கூடு இருந்திருக்கலாம். நாலு வாரம் நிழல்ல வச்சு ஈரம் காட்டியிருந்தா கொஞ்சமாவது பொரிச்சிருக்கலாம். அதை வாரி வெயில்ல காய வைக்கச் சொன்னது நான். மிச்சம் இருந்ததையும் கொன்னது அக்னி நட்சத்திரம் இல்லப்பா, நான்தான்.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "ஐப்பசியில கொல்லைப்பக்கம் கால் வச்சா புழு மேலதானே மிதிப்போம், சின்ன வயசுலேர்ந்து பாத்ததுதான். அந்த ஆள் பேப்பர்ல கணக்கா எழுதிக் குடுத்ததும் நான் அதை மறந்துட்டேன். அத விடு. இதைத் தெரிஞ்சுக்க நீ மிச்சிகன் வரைக்கும் போகணுமா?"ன்னார். கேட்டா கேட்கட்டும். வேணும் எனக்கு.

மாசியில வாங்கலை. போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. உள்ளங்கையில ஒல்லியா நாலு புழு, பக்கத்து வீட்டுச் சாணிக்குழியில எடுத்ததாம். "இது என்ன ஜாதி?"ன்னு கேட்டிருந்தார். புழுவுலயாவது ஜாதி கேட்காதீங்கப்பான்னு பதில் போட்டேன். நாலும் இப்ப புங்க மரத்தடியில இருக்கு, கூட இன்னும் ஒரு கைப்பிடி.

சாமி அலமாரிப் பேப்பரைத் தூக்கிப் போடப் போனவரைத் தடுத்துட்டேன். அதோட பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. பன்னெண்டு தமிழ் மாசப் பேரையும் எழுதி, மாசம் ஒரு கைப்பிடி எடுத்து எத்தனை கூடுன்னு எண்ணி எழுதச் சொல்லியிருக்கேன். கடையில தெர்மாமீட்டர் ஒண்ணும் வாங்கிக்கிட்டார். முசிறிப் பக்கத்துக்கு நான் தேடினதுல கிடைக்காத கணக்கு அது. பங்குனிக்கு நேரா ரெண்டுன்னு எழுதியிருக்காராம்.

சித்திரை தாண்டட்டும், என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.

டிஸ்கி: உங்க ஊர்ல சாணிக்குழிப் புழு எந்த மாசம் தலைகாட்டும், எந்த மாசம் காணாமப் போகும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஊர்ப் பேரும் அந்த மாச வெயிலும் மழையும் சேர்த்துச் சொல்லணும். இல்லேன்னா செல்லாது :-)